‘கேஸ்’ மாத்திரை... யாரைக் கேட்டுப் போட்டீங்க?

வைகை அணை மீன் கடையிலிருந்து கம்பம்மெட்டு ஏறும் ஜீப் வரை, சட்டைப் பையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது வயிற்று மாத்திரை. அதைப் போடும் முன் கேட்க வேண்டியவை என்ன?

ஞாயிறு மதியம் ஒன்றரை மணி. வைகை அணைப் பூங்காவை ஒட்டிய மீன் கடைகளில் எண்ணெய்ச் சட்டி ஓயவில்லை. மசாலா தடவிய ஜிலேபி மீனும் கட்லாத் துண்டும் தட்டில் சிவந்து கிடக்கின்றன. வேனில் வந்த ஒரு குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்து, வறுத்த மீனை வாங்கித் தொட்டுக்கொண்டு, மர நிழலில் சாப்பிட்டு முடிக்கிறது. கை கழுவி வந்த இளைஞர் நெஞ்சைத் தடவுகிறார்.

“மாமா, மாத்திரை வச்சிருக்கீங்களா? நெஞ்சு கரிக்குது.”

“அது இல்லாம கெளம்புவனா மாப்ள? இந்தா. நானும் ஒண்ணு போட்டுக்கிறேன்.”

சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டை வெளியே வருகிறது. “அண்ணே, எனக்கும் ஒண்ணு குடுங்க. வேன் ஏறுனா கொமட்டும்” என்கிறார் பக்கத்தில் இருந்த அம்மா. காலையில்தான் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட்டவர். சோடா பாட்டில் கைமாறுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு, சாப்பாடு முடிந்த இந்த நேரத்தில் வெற்றிலைப் பெட்டி திறந்திருக்கும்.

மூன்று மாத்திரை இறங்கியாயிற்று. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதைப் பின்னால் போட்டாயிற்று. ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது மூன்று பேருக்குப் பங்கு பிரிந்தாயிற்று. ‘வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. அணையின் நீர்மட்டம் 71 அடியில் இன்று எத்தனை என்று காலைப் பேப்பரில் தவறாமல் பார்க்கிற ஊர்கள் இவை. மாத்திரை அட்டையில் அச்சாகியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

அந்த அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணையில் இருக்கும் சரக்கு. ஆனால் தேனி பஸ் ஸ்டாண்ட் ஆகட்டும், சென்னை தியாகராய நகர் ஆகட்டும், “கேஸ் மாத்திரை ரெண்டு” என்று கேட்டால் கத்தரியால் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வெட்டிய வெட்டில் மருந்தின் பெயர் ஒரு துண்டோடும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடும் போய்விடுகின்றன.

ஒரே மாத்திரை, இரண்டு மருந்து

நாம் ‘கேஸ் மாத்திரை’ என்று வாங்குவதில் பெரும்பங்கு பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் என்று ‘பிரசோல்’ எனப் பெயர் முடியும் குடும்பத்தைச் சேர்ந்தது. இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. அவற்றை நிறுத்துவதுதான் இந்த மருந்துகளின் வேலை. 1988-ல் ஒமிபிரசோல் விற்பனைக்கு வந்தபோது குடற்புண் வைத்தியமே மாறிப்போனது. நல்ல மருந்துதான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் பம்புகள் விழிக்கின்றன. அந்நேரம் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றைப் பிடிக்க முடியும். அதனால்தான் காலை உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்கிறார்கள். முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். மீன் சாப்பிட்டுவிட்டுப் போட்ட மாத்திரையால் பத்தே நிமிடத்தில் நெஞ்சு கரிப்பு நின்றதென்றால், பெருமை சோடாவுக்கும் வந்த ஏப்பத்துக்கும்தான் போக வேண்டும்.

சிக்கல் இந்தப் பாதியில் அதிகமில்லை, கூட வருகிற மறுபாதியில் இருக்கிறது. பெயரின் கடைசியில் ‘டி’ என்றிருந்தால் பெரும்பாலும் டோம்பெரிடோன். ‘எல்’ என்றிருந்தால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு. நம் ஊரில் அதிகம் புழங்கும் ‘டி’ காப்ஸ்யூல்களில் பான்டோபிரசோல் 40 மில்லிகிராமும், மெதுவாகக் கரையும் டோம்பெரிடோன் 30 மில்லிகிராமும் இருக்கும். இரைப்பையின் மேல்வாயிலுள்ள மதகை இறுக்கி, உள்ளே இருப்பதைக் கீழ்நோக்கிச் சீக்கிரம் தள்ளிவிடுவது டோம்பெரிடோன். அது அங்கே மட்டும் வேலை செய்துவிட்டு நின்றுகொண்டால் இந்தக் கட்டுரைக்கே தேவையிருக்காது.

வயிற்றுக்குப் போட்டது... இதயத்தைத் தொட்டது

முதலில் ஒரு பழைய கதை. சிசாபிரைடு என்றொரு மருந்து இருந்தது. இரைப்பையை வேகமாக இயங்க வைக்கும் மருந்து, நெஞ்செரிச்சலுக்கு எழுதப்பட்டது. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதயத் துடிப்புக் கோளாறுகள் குறித்த புகார்கள் குவிந்தன. 80 மரணங்கள் பதிவான நிலையில் 2000-ல் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2011 பிப்ரவரியில். நடுவில் ஏறக்குறைய பதினோரு வருடம் ஓடியிருக்கிறது.

டோம்பெரிடோன் அந்த அளவுக்கு ஆபத்தானதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் தொல்லை ஒரே வகை. இதயம் ஒருமுறை துடித்துவிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை இது நீட்டிவிடக்கூடும். ஈசிஜியில் ‘க்யூ.டி. இடைவெளி’ என்று அளப்பார்கள். அது அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகும், அரிதாக நின்றே போகும். நரம்பில் ஏற்றும் டோம்பெரிடோன் ஊசி 1980-களிலேயே கைவிடப்பட்டதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு இன்றுவரை பொது அனுமதி இல்லை.

2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை எடுத்த முடிவு நம் ஊர் டாக்டர்களும் மருந்துக் கடைக்காரர்களும் சுவரில் ஒட்டி வைக்க வேண்டியது. டோம்பெரிடோன் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும்தான்; வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தரக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு அதிகபட்சம் மூன்று வேளை. அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். நம் ஊரிலோ உப்புசத்துக்கும் எரிச்சலுக்கும்தான் அது முதலில் போகிறது. ஒரு வாரம் என்பது வருடக்கணக்காகிறது.

■ பெட்டிச் செய்தி: டோம்பெரிடோன் யாருக்கு ஆகாது?
ஏற்கெனவே இதயத் துடிப்புக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து பொட்டாசியம், மக்னீசியம் இறங்கியிருக்கும்போது இதயம் இன்னும் எளிதில் தடுமாறும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

கூட்டுச் சேரக் கூடாத மருந்துகளும் உண்டு. சளிக்கும் தொண்டைக்கும் தரப்படும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் டோம்பெரிடோனைக் கல்லீரல் வெளியேற்ற விடாமல் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். பூஞ்சைக்கான இட்ராகொனசோலும் அப்படித்தான். வயலிலும் தோட்டத்திலும் ஈர உடையோடு நிற்பவர்களுக்குப் படர்தாமரை வருவதும், வாரக்கணக்கில் இட்ராகொனசோல் எழுதப்படுவதும் சாதாரணம். அந்தக் காப்ஸ்யூல் உடம்பில் சேர இரைப்பையில் அமிலம் வேண்டும். பக்கத்திலேயே ஒரு ‘டி’ காப்ஸ்யூலைப் போட்டால், அதிலுள்ள பான்டோபிரசோல் படர்தாமரை மருந்தைச் சேரவிடாமல் செய்யும். சேர்ந்த கொஞ்சம் இட்ராகொனசோலோ டோம்பெரிடோனை ஏற்றிவிடும். தோல் டாக்டர் ஒரு சீட்டு, வயிற்று டாக்டர் ஒரு சீட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் யாருமில்லை.

“கை நடுங்குது... வயசாயிடுச்சுல்ல?”

‘எல்’ குடும்பத்துக்கு வருவோம். லெவோசல்பிரைடு, மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து. இரைப்பையிலும் அதே தடுப்பு நடப்பதால் உணவு சீக்கிரம் நகர்கிறது, உப்புசம் குறைகிறது. அமெரிக்காவில் அனுமதி இல்லாத மருந்து இது. இந்தியாவில் தாராளமாக எழுதப்படுகிறது.

டோபமின் குறைந்தால் என்ன ஆகும்? பார்க்கின்சன் நோயில் ஆவதுதான். மாதக்கணக்கில் இந்த மாத்திரையைச் சாப்பிடும் பெரியவர் ஒருவருக்குக் கை லேசாக நடுங்கத் தொடங்கும். நடை சுருங்கிக் குட்டி அடியாகும். முகத்தில் உணர்ச்சி வற்றும். வீட்டில் “வயசாயிடுச்சு” என்பார்கள். அடுத்த கட்டம் இன்னும் வேதனை: நடுக்கத்துக்கென்று இன்னொரு டாக்டர் இன்னொரு மாத்திரை எழுத, முதல் மாத்திரை அப்படியே தொடரும். காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். எல்லோரும் அல்ல. இந்த நரம்புப் பாதிப்புகளை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். வீட்டில் முதியவருக்குப் புதிதாக நடுக்கம் வந்தால், அவர் மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். ஸ்கேனுக்கு முன்பு செய்ய வேண்டிய சோதனை அதுதான்.

பெண்களுக்கு இன்னொரு விளைவு. டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு இரண்டும் புரோலாக்டின் ஹார்மோனை உயர்த்தும். மாதவிடாய் தள்ளிப்போகும், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியும். மாத்திரையால் வந்தது என்று தெரியாமல் கட்டியோ புற்றுநோயோ என்று பயந்து, வெளியே சொல்ல முடியாமல் நாள் கடத்துபவர்கள் உண்டு.

வாந்தியை நிறுத்தப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி, சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் சில சமயம் வேறுவிதமாகத் திரும்பும். கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே வரும். அதைப் பார்த்தால் எந்தத் தாயும் கதறிவிடுவார். காத்துக் கருப்பு என்று கோடாங்கியிடம் ஓடுவதும் இதைப் பார்த்துத்தான். சரியான மாற்று மருந்தை ஊசியாகப் போட்டால் வெகு சீக்கிரம் முறுக்கு விடும். இந்த மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தர வேண்டாம் என்று 2013-ல் ஐரோப்பிய முகமை சொன்னது. மூன்று மாதத்தைத் தாண்டித் தருவதை அமெரிக்கா 2009-லேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது.

‘வாய்வு பிடிச்சிருக்கு’ என்று கடந்த அரை மணி நேரம்

தேனி மாவட்டத்தில் நெஞ்சு வலிக்கு முதல் பெயர் ‘வாய்வு’. சோடா, ஓமத்திரவம், கேஸ் மாத்திரை, பிறகு நெஞ்சை நீவிவிடுதல். மாரடைப்பு எல்லோருக்கும் சினிமாவில் வருவதுபோல் வருவதில்லை. இதயத்தின் அடிப்பகுதியில் அடைப்பு ஏற்பட்டால் மேல்வயிற்றில் அழுத்தம், குமட்டல், ஏப்பம், வியர்வை என்று அச்சு அசலாக அஜீரணம்போலவே தோன்றும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமலும் போகலாம். கம்பத்திலிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். மாத்திரை வேலை செய்கிறதா என்று வீட்டில் காத்திருக்கும் நேரமும் இந்தத் தூரத்தோடு சேர்ந்துகொள்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலே முதல் உதவி உண்டு. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புச் சந்தேகத்தோடு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, கிளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

அதில் உள்ள கிளோபிடோகிரல் உடம்புக்குள் போய்க் கல்லீரலில் மாற்றம் பெற்றால்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும். அந்த மாற்றத்தை ஒமிபிரசோலும் எசோமெபிரசோலும் குறுக்கே நின்று தடுக்கின்றன என்று 2009-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு தினமும் கிளோபிடோகிரல் சாப்பிடும் ஒருவர், வயிறு எரிகிறது என்று பக்கத்து வீட்டு ஒமிபிரசோலை வாங்கிப் போட்டால், ஸ்டென்டைக் காக்கும் மாத்திரையின் பலத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். பான்டோபிரசோலுக்கு இந்தத் தொல்லை குறைவு. இதைப் படித்துவிட்டு வயிற்று மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவதும் தவறு. ஆஸ்பிரினும் கிளோபிடோகிரலும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரலாம். அதைத் தடுக்கவே டாக்டர் எழுதியிருப்பார். எந்தப் ‘பிரசோல்’ என்று கேட்டால் போதும்.

■ பெட்டிச் செய்தி: மாத்திரை வேண்டாம்... 108 வேண்டும்!
நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி. ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம். பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த கையோடு வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, வாயில் எச்சில் ஊறுதல், கண் மங்கல். இவற்றில் எதுவுமே கேஸ் இல்லை. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய அஜீரணம் இருந்தால் மாத்திரைக்கு முன் எண்டோஸ்கோபி குறித்துக் கேட்க வேண்டும்.

ஜீப் ஏறும் வயிறு

விடியும் முன்பே கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்யப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் ஒரு கடுங்காப்பி. சாப்பாடு தூக்குவாளியில் பத்து மணிக்கு. நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த இடுப்புக்கு ராத்திரி ஒரு வலி மாத்திரை. வலி மாத்திரை இரைப்பையின் பாதுகாப்புச் சவ்வைக் கெடுக்கும், அதனால் எரிச்சல், எரிச்சலுக்கு கேஸ் மாத்திரை. புண்ணை உண்டாக்குவதும் தொடர்கிறது, மூடி வைப்பதும் தொடர்கிறது.

இங்கே ஒரு விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டும். திராட்சைக்கும் ஏலத்துக்கும் அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகையும் உண்டு. அது தோல் வழியாக ஏறினாலும் முதல் அறிகுறிகளில் குமட்டலும் வயிற்றுப் பிசைவும் உண்டு. ‘வெயில்ல வெறும் வயித்தோட மருந்தடிச்சேன், பித்தம்’ என்று வாந்தி மாத்திரை போட்டுப் படுத்துவிட்டால், அட்ரோபின் ஊசி போட வேண்டிய நேரம் கைநழுவும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் முக்கியமானது மெட்ஃபார்மின். மெட்ஃபார்மினும் பி-12 சத்தைக் குறைக்கும், பிரசோல் குடும்பமும் வருடக்கணக்கில் எடுத்தால் பி-12-ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து பாதம் மரத்துப்போனால், ‘சர்க்கரைதான் நரம்பைத் தின்னுடுச்சு’ என்று நினைத்துக்கொள்வோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியில் சரிசெய்யவும் முடியும். மக்னீசியக் குறைவு, எலும்பு முறிவு பற்றிய எச்சரிக்கைகளும் பிரசோல்களின் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு உண்டு. சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு வரலாம் என்பதை மருந்துக் குறிப்பில் அச்சிடச் சொல்லி 2019-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். அந்தக் குறிப்புத் தாளோ கடையிலேயே டப்பாவுக்குள் தங்கிவிடும். நம் கைக்கு வருவது வெட்டிய துண்டு.

இத்தனையும் இருந்தும் ஏன் விட முடிவதில்லை? டென்மார்க்கில் 120 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லோரும் வயிற்றுத் தொல்லையே இல்லாதவர்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். 2009-ல் வெளியான முடிவு இது. அடக்கி வைத்த அமிலச் சுரப்பு, மருந்தை நிறுத்தியதும் முன்பைவிட வீறுகொண்டு எழுகிறது. ‘நிறுத்தினா எரியுது, அப்ப வியாதி இருக்கு’ என்று நாம் மறுபடி மாத்திரைக்குப் போகிறோம். எரிச்சலைக் கொண்டுவந்ததே மாத்திரைதான். அதனால் ஒரேயடியாக நிறுத்தாமல், டாக்டர் சொல்படி அளவைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடையில் திரவ ஆன்டாசிட் வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

பழைய நண்பர் ரானிடிடின்

“எனக்கு அந்தக் காலத்து மாத்திரைதான் ஒத்துக்கும்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. எனும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கலப்பு இருப்பது 2019 செப்டம்பரில் வெளிவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. இந்தியாவில் தடை இல்லை. ஆனால் 2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. சூட்டில் வைத்தால் அந்தக் கலப்பு கூடும். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் அட்டையைப் போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க.

சீட்டு நீட்டும்போது...

டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதற்குள் சொல்ல வேண்டியவற்றை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளலாம். சாப்பிடும் எல்லா மாத்திரையும், நாட்டு மருந்து உட்பட. தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் உடம்பில் சேர அமிலம் தேவைப்படுவதால் அவற்றை விட்டுவிடக் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும். சிறுநீரகம், கல்லீரல், இதயம் பற்றி முன்பு யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், பழைய ஈசிஜியோடு.

புண் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்கள், அதற்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமிக்குப் பரிசோதனை செய்வதானால், பிரசோல் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். இந்தக் கிருமிதான் குற்றவாளி என்று நிரூபிக்க 1984-ல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் அதைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. புண்ணுக்குக் கிருமி காரணமென்றால் பதினான்கு நாள் போன்ற குறுகிய காலக் கூட்டு மருந்திலேயே வேரோடு தீர்க்க முடியும். வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிடுபவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பரிசோதனையை யாராவது எழுதியிருப்பார்கள்?

சீட்டைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியது, “எத்தனை நாளைக்கு டாக்டர்?” நிறுத்தும் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கடையில், ‘டி’யா ‘எல்’லா, வெறும் மாத்திரையா என்று பாருங்கள். டாக்டர் தனி பான்டோபிரசோல் எழுதி, கடையில் “ரெண்டும் ஒண்ணுதான்மா” என்று ‘டி’ கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. வீட்டில் கடித்தோ பொடித்தோ சாப்பிட வேண்டாம்; மேலே உள்ள பூச்சு உடைந்தால் மருந்து குடலுக்குப் போகும் முன்பே அமிலத்தில் அழிந்துவிடும்.

மாத்திரை சாப்பிட்ட பின் படபடப்பு, மயக்கம், நடுக்கம், கழுத்து முறுக்கு என்று ஏதாவது வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள், அட்டையையும் கொண்டுபோங்கள். அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துத் தர ஆணையம் பக்க விளைவுகளைப் பதிவு செய்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் டாக்டர்தான் பேச வேண்டும் என்பதில்லை. நோயாளியோ வீட்டாரோ பேசலாம். மருந்தின் பெயர், எந்தத் தேதியில் தொடங்கினார், என்ன ஆனது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கேட்பார்கள். அட்டையை வெட்டாமல் முழுசாக வாங்கியிருந்தால், அதிலுள்ள பேட்ச் எண்ணையும் வாசித்துச் சொல்லலாம்.